நாற்பதில் போன சைக்கிள்

“உன் சைக்கிள் நாற்பதுல போகுமா?” என்று மாமா ஒருமுறை என்னைக் கேட்டார். கேட்டது ஓடுகிற காருக்குள்ளிருந்து. ஸ்டீயரிங்கைப் பிடித்திருந்தவர் ஓட்டுநர் பள்ளி வாத்தியார். நான் அவர்களை முந்திக்கொண்டிருந்தேன்.

அதற்கு மூன்று நாள் முன்புதான் தன் பட்டறையில் அந்தக் காருக்கு மாமா வேறு கியர்பாக்ஸ் மாட்டினார். தனி ஆளாக, மல்லாந்து கிடந்து, அத்தனை பாரத்தையும் நெஞ்சில் தாங்கி. அன்று காலை வாத்தியார் திரும்பி வந்து நின்றார். நான்காவது கியர் போட்டால் குளிர்ஜுரம் கண்டதுபோல வண்டி உதறுகிறதாம். கழற்றி வேறு போடு, இல்லையென்றால் எதிர்ப் பட்டறைக்குப் போவேன், என்னிடம் படிக்கிற அத்தனை பேருக்கும் உன் லட்சணத்தைச் சொல்வேன் என்றார். பட்டறைக்கு வரும் வண்டிகளில் பாதி அவருடைய மாணவர்களுடையவை. மாமா ஈயாடாத முகத்தோடு, ஓட்டிக் காட்டுங்கள் என்று பக்கத்தில் ஏறிக்கொண்டார். பட்டறையில் எடுபிடியான நான், ஆயில் சீல் வாங்கச் சைக்கிளில் கடைக்குக் கிளம்பினேன்.

வாத்தியார் எஞ்சின் சொல்வதைக் கேட்கிற ஆள் இல்லை. பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் இரண்டாவது கியர், இருபத்தைந்தில் மூன்றாவது, நாற்பதில் நான்காவது. மீட்டர் முள்தான் அவருக்கு வேதவாக்கு.

வெளியாள் இருந்தால் எனக்கு நாக்கு எழாது. கால் எழும். இன்னும் நாலு மிதி மிதித்து முன்னால் போய், இறங்கி, நிதானமாகச் செருப்பு வாரைச் சரிசெய்தேன்.

அங்கேயே காரை நிறுத்தச் சொன்ன மாமா, மீட்டரை அழுக்குத் துணியால் மூடிவிட்டு, இப்போது ஓட்டுங்கள் என்றார்.

“எப்ப கியர் மாத்தணும்னு எப்படித் தெரியும்?”

“காது எதுக்கு சார் இருக்கு? கண்ணாடி மாட்டவா?”

வாத்தியார் தெருக்கோடி வரை முதல் கியரிலேயே போனார். எஞ்சின் அலறி ஊரைக் கூட்டியது. திரும்பி வரும்போது மாமா ஓட்டினார். நான்காவது கியரில் என்னைத் தாண்டிய கார் இம்மியும் உதறவில்லை.

பட்டறையில் மாமா காருக்கடியில் புகுந்து, மீட்டரைச் சுற்றும் சின்னப் பல்சக்கரத்தை உருவினார். பழைய கியர்பாக்ஸில் இருந்ததைவிட இதற்குப் பல் குறைவு. அதனால் வேகமாகச் சுழன்று, இருபத்தைந்தை நாற்பது என்று காட்டியிருக்கிறது. அந்த வேகத்தில் நான்காவது கியர் போட்டால் எந்த வண்டியும் உதறத்தான் செய்யும். பழைய சக்கரத்தை எடுத்துப் போடாமல் விட்டது தன் தப்புதான் என்று மாமாவே ஒப்புக்கொண்டார். வாத்தியாருக்கு உயிர் வந்தது.

“அப்ப தப்பு உன்னுதுன்னு எல்லார்கிட்டயும் சொல்லலாமில்ல?”

“தாராளமா சொல்லுங்க சார். ஒரு பொண்ணு சைக்கிள்ல உங்களை முந்துனதையும் சேர்த்துச் சொல்லுங்க.”

நான் மண்ணெண்ணெய்த் தட்டில் ஏற்கெனவே கழுவிய நட்டுகளை மறுபடி கழுவினேன். மாமா சக்கரத்தை மாற்றி முடிக்கும்வரை வாத்தியார் என் பக்கம் திரும்பவே இல்லை. பிறகு சாவியை வாங்கிக்கொண்டு போய்விட்டார்.