வெளியே விழாத பந்துகள்

1

இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. 1983இல் ஆம்பூர்த் தோல் தொழிற்சாலை ஒன்றின் பரிசோதனைக்கூடத்தில் நானும் பூரணியும் ஒரே நாளில் வேலைக்குச் சேர்ந்தோம். தொழிற்சாலை கிளப்பில் அவள் டென்னிஸ் ஆடினாள். நான் கம்பிவேலிக்குப் பின்னால் உட்கார்ந்து எண்ணினேன். நாற்பது புள்ளிகளில் முப்பத்தொன்று, எதிராளியின் திறமையால் போனவை அல்ல. ஆடியவரே வலையிலோ வெளியிலோ அடித்துத் தொலைத்தவை. ஆகவே, வெல்வதற்குப் பந்தைத் திருப்பி அனுப்பிக்கொண்டே இருந்தால் போதும்.

(இப்படித் தொடங்கினால் யார் படிப்பார்கள்? வேறு தொடக்கம்.)

அன்று மாலைச் சூரியனில் பாலாறு செந்நிறமாக

வேண்டாம். அந்த நிறம் சூரியனால் வந்ததல்ல. அதைத் தைரியசாலி யாராவது எழுதட்டும்.

2

மேனேஜர் லோகநாதன் ஒவ்வொரு பந்தையும் அதுவே உலகின் கடைசிப் பந்து என்பதுபோல அடிப்பார். பாதி ஏலகிரிப் பக்கம் போகும். ஆனால் கோட்டோரம் நாற்காலியில் உட்கார்ந்து தீர்ப்புச் சொல்பவர் கன்னியப்பன், தோல் பதனிடும் டிரம் செக்‌ஷன் மேஸ்திரி. எட்டு வருடங்களில் மேனேஜர் அடித்த ஒரு பந்தையும் அவர் ‘அவுட்’ என்றதில்லை.*

பூரணி முதல் வாரம் ஏமாந்தாள். வெளியே விழுந்த பந்தை விட்டுவிட்டாள்.

“இன்னாம்மா, நின்னுட்ட? பாயிண்ட் சாருக்கு.”

“வெளிய வுழுந்துச்சே, மேஸ்திரி.”

“எங்கண்ணுக்குத் தெரியல.”

பிறகு அவள் கேட்கவில்லை. வெளியே விழுந்ததையும் ஓடிப்போய் எடுத்து, மெதுவாகத் திருப்பி அனுப்பினாள். மற்றவர்களுக்குக் கோட்டுக்குள் விழுந்த பந்துகள் மட்டும். அவளுக்கு எல்லாப் பந்துகளும். மேனேஜரைத் தோற்கடிக்கும் பயிற்சியை அவருடைய விசுவாசியே இலவசமாகக் கொடுத்தார்.

* முதல் பிரதியில் கன்னியப்பனை வில்லனாக்கினேன். பிறகு எங்கள் கூடத்தில் ‘எல்லாம் அளவுக்குள்’ என்று நான் கையெழுத்திட்ட கழிவுநீர் அறிக்கைகள் நினைவுக்கு வந்தன. அந்தப் பக்கத்தைக் கிழித்துவிட்டேன்.

3

ஆண்டுவிழா இறுதி ஆட்டம். வழக்கமாக மேனேஜருக்கு எதிராக இறுதிக்கு வருகிறவருக்கு அன்று முதுகு பிடித்துக்கொள்ளும். பூரணிக்கு எதுவும் பிடித்துக்கொள்ளவில்லை. அவளுடைய ஆறு மாதத் தற்காலிக வேலை திங்களன்று முடிகிறது. நிரந்தர உத்தரவில் கையெழுத்துப் போடவேண்டியவர் மேனேஜர். (எனக்கு உத்தரவு முந்தைய வாரமே வந்துவிட்டது. நான் டென்னிஸ் ஆடுவதில்லை.)

“நாலு பந்த வலையில போட்டுட்டு வாம்மா, பேஜார் பண்ணாத” என்றார் டெஸ்பாட்ச் கிளார்க் ஜியாவுல்லா.

“போடப் பழகல, பாய்.”

இதில் வீரம் எதுவுமில்லை. உண்மையிலேயே அவளுக்கு வரவில்லை. ஒருமுறை முயன்றாள். பந்து வலையின் விளிம்பைத் தொட்டு அந்தப் பக்கம் விழுந்தது, புள்ளி அவளுக்கே. ஜியாவுல்லா தலையில் கைவைத்துக்கொண்டார்.

4

முடிவு ஒன்று: அவள் வெல்கிறாள். மேனேஜர் கைகுலுக்கி, உத்தரவில் கையெழுத்திடுகிறார். (ஆம்பூரில் ஒருவரும் நம்பமாட்டார்கள்.)

முடிவு இரண்டு: அவள் தோற்கிறாள், நிரந்தரமாகிறாள், ஆண்டுதோறும் தோற்கிறாள். (நன்றாக வந்தது. அதனால் பயந்து அடித்துவிட்டேன்.)

5

நடந்தவரை சொல்கிறேன். பூரணி வெல்ல இன்னும் ஒரே புள்ளி. அந்தப் புள்ளிக்குப் பந்து இருபத்தாறு முறை வலையைத் தாண்டியதை எண்ணினேன். மேனேஜரின் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

“வுட்டுத் தொலையேம்மா!” என்றார், மூச்சுவாங்க.

அவருடைய பந்து ஓரடி வெளியே விழுந்தது. கன்னியப்பன் வாய் திறக்கவில்லை. பூரணி திருப்பி அனுப்பினாள். அடுத்தது இரண்டடி. அதையும் அனுப்பினாள். அடுத்தது மூன்றடி தள்ளி விழுந்தது.

அவள் ஓடவில்லை. களைப்பா, போதும் என்றா? நான்கு பிரதிகளில் நான்கு விதமாக எழுதியிருக்கிறேன். மட்டையைத் தாழ்த்திக்கொண்டு நாற்காலியைப் பார்த்தாள். ஜியாவுல்லா பார்த்தார். மேனேஜரும் பார்த்தார்.

கன்னியப்பனை நாற்காலியிலிருந்து எழுப்பி வீட்டுக்கு அனுப்பிவிட்டேன். இத்தனை நேரம் வேலிக்குப் பின்னால் என்னோடு உட்கார்ந்து சிரித்தீர்களே, வாசகரே, போய் நாற்காலியில் உட்காருங்கள். பந்தின் தடம் மண்ணில் தெளிவாகத் தெரிகிறது. உங்கள் வேலையும் மேனேஜர் கையில்தான்.

உள்ளேயா, வெளியேயா? எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள்.