ஆளில்லாத ஆறாம் லயம்

விடியுமுன்பே பரிமளம் இடுப்பளவு தண்ணீரில் நின்றாள். புசல்லாவை மலையின் மார்கழிக் குளிர் எலும்புவரை இறங்கியது. ஓடையை மறித்துக் கட்டிய தடுப்பின் வாயில் இரும்புக் கம்பித் தட்டி ஒன்று இருந்தது. இரவெல்லாம் அடித்து வந்த சருகும் கொப்பும் அதில் அப்பிக் கிடக்கும். தினமும் அதை வாரிக் கரையில் போட வேண்டும். ஒரு காலை தவறினால் குழாய்க்குள் தண்ணீர் குறைந்து, அடிவாரத்தில் மின்சாரம் எடுக்கும் எந்திரம் நின்றுவிடும். வாரி முடித்த ஈரச்சேலையோடுதான் அவள் கொழுந்து பறிக்க மலையேறுவாள்.

"கண்டிக்கு வெளிச்சம் போகுது, நம்ம பீலிக்குச் சொட்டுத் தண்ணி இல்ல" என்றான் கூட நின்ற வீரய்யா.

காம்பராவென்ற ஒற்றை அறைக்கு ஒன்றாக, ஆறாம் லயத்து வரிசை வீட்டின் இருபத்திரண்டு குடும்பமும் குடித்ததும் குளித்ததும் ஓடைத் தண்ணீர் கொட்டிய அந்தப் பீலியில்தான். ஓடையைக் குழாய்க்குள் திருப்பி மூன்று மாதம். இப்போது சதுப்புக் குழியில் கலங்கல் அள்ளுகிறார்கள். வயிற்றோட்டம் கண்டு பரிமளத்தின் மகள் ஒரு வாரம் ஆஸ்பத்திரித் தரையில் கிடந்தாள். அந்த எரிச்சல் அவளுக்கு இன்னும் அடங்கவில்லை.

அன்று காலை ஜீப்பில் தோட்டத்தை நடத்தும் துரையும் கொழும்பு மின்சார அதிகாரி விவேகானந்தனும் தடுப்புக்கு வந்தார்கள். அதிகாரி யாழ்ப்பாணத்துக்காரர். கேட்டவர்களுக்குப் பொறுமையாக விளக்கினார்.

"ஒவ்வொரு மாகாணமும் தன்ர பங்குக்கு மின்சாரம் எடுக்க வேணுமெண்டு அரசாங்கம் திட்டம் போட்டிருக்கு. கரையோரத்தில காத்து, மலையில ஓடை. ஒரு பகுதியும் பின்தங்கக் கூடாது, பாருங்கோ."

"அந்தப் பங்குல எங்க பீலி வருதுங்களா ஐயா?" என்றாள் பரிமளம்.

அவர் கோப்பைப் புரட்டினார். முகம் மாறியது. "சனம் இருக்கிற இடத்துக்குத் தண்ணி விடத்தான் வேணும் அம்மா. ஆனா ஆறாம் லயத்தில ஒருத்தரும் இல்லையெண்டு பதிஞ்சிருக்கு."

பரிமளத்துக்குச் சுருக்கென்றது. போன வருடம் குடிசனம் கணக்கெடுக்கப் படிவத்தோடு ஒருவன் வந்தான். அதற்கு முந்திய வாரம்தான் பொலிஸ் ஒரு பட்டியலோடு வந்து, லயத்து இளைஞர் இருவரைப் புலியென்று ஏற்றிப்போயிருந்தது. இதுவும் அந்தப் பட்டியல்தான் என்று லயமே நடுங்கியது. கதவுகளைப் பூட்டித் தேயிலைக்குள் பதுங்கினார்கள். வாசலில் அகப்பட்ட வீரய்யா, எல்லாரும் வத்தேகமப் பக்கம் போய்விட்டதாகச் சத்தியம் செய்தான். வந்தவனும் நிம்மதியாக எழுதிக்கொண்டு போனான். உயிருக்குப் பயந்து சொன்ன பொய், தண்ணீரைக் கொண்டுபோய்விட்டது.

"இருக்கோம்னு எழுதுங்க ஐயா!"

"நான் எழுத ஏலாது. பேர் விபரத்தோட மனு வேணும். துரையும் ஒப்பம் வைக்க வேணும்."

துரை சிரித்தார். "இல்லாத ஆளுக்கு நான் எப்படி ஒப்பம் வைக்கிறது?"

"ஆளில்லாத லயத்திலேருந்துதான் தெனமும் சருகு வார ஆள் வருதுங்களா தொரை?" என்றாள் பரிமளம்.

துரை ஜீப்பில் ஏறினார்.

மறுநாள் யாரும் தண்ணீரில் இறங்கவில்லை. லயம் முழுவதும் தடுப்புக் கரையில் வந்து நின்றது. ஏழு மணிக்குள் தட்டியில் சருகு அடைத்து, எந்திரம் நின்றது. எட்டு மணிக்குத் துரை பொலிஸ் சார்ஜனோடு வந்தார்.

"இது நாசவேலை! அவசரகாலச் சட்டம் தெரியுமா? யார் தலைவன்? பேரைச் சொல்லு!" என்றார் துரை.

சார்ஜன் குறிப்பெழுதும் கொப்பியைத் திறந்தார். தமிழ்ப் பெயர் ஒன்று பொலிஸ் கொப்பியில் ஏறினால் என்ன ஆகும் என்று அங்கே நின்ற எல்லாருக்கும் தெரியும். ஆனாலும் பரிமளம் முன்னே வந்தாள்.

"பரிமளம். ஆறாம் லயம், நாலாம் காம்பரா. அஞ்சு பேரு இருக்கோம்."

சார்ஜன் எழுதினார்.

"வீரய்யா. ஒம்பதாம் காம்பரா. அன்னிக்குப் பொய் சொன்னது நான்தான். ஏழு பேரு இருக்கோம்."

"புஷ்பம். பத்தாம் காம்பரா. கைப்பிள்ளையோட நாலு பேரு" என்றாள் அடுத்து நின்றவள்.

லயத்தில் ஆளிருப்பதற்கு அந்தக் கொப்பியே சாட்சியாவது துரைக்கு அப்போதுதான் விளங்கியது. "போதும் சார்ஜன், எழுதினது போதும்!" என்று கத்தினார்.

யாரை ஏற்றிப்போவார்கள், பீலியில் என்றைக்குத் தண்ணீர் விழும், ஒன்றும் தெரியாது. பின்னால் நின்றவர்கள் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டு முன்னே வந்தார்கள்.

"கொப்பிய மூடாதீங்க ஐயா" என்றாள் பரிமளம். "இன்னும் பத்தொம்பது காம்பரா இருக்கு."