பாதி விலை வீடு

"காலிலேர்ந்து எடுங்க" என்றார் தகனசாலை ஊழியர். மிசுஹோவும் அவள் சித்தப்பா மகன் யோஷினோரியும் எதிரெதிரே நின்று, ஆளுக்கொரு ஜோடி குச்சியால் ஒரே எலும்பைப் பிடித்துத் தூக்கி அஸ்தி ஜாடியில் வைத்தார்கள். கால் முதலில், தலை கடைசியில். ஜாடிக்குள்ளும் மனுஷன் நேராக உட்கார வேண்டுமே.

"அப்பாவுக்கு இடுப்பு ஒடஞ்சிருந்துச்சாம்," யோஷினோரி குனிந்தபடியே சொன்னான். "வாசக்கதவுக்கு உள்பக்கம் கைத்தடியோட விழுந்திருக்காரு. உடனே சாகலையாம் மிசுஹோ. ஞாயித்துக்கெழம வரைக்கும் உசிரு இருந்திருக்குன்னு டாக்டர் சொல்றாரு."

அவள் அந்தக் கதவு வரைக்கும் போனது சனிக்கிழமை. எலும்பு நழுவியிருக்க வேண்டும், நழுவவில்லை. அவளுடைய கை அவ்வளவு நிதானமாக இருந்தது அவளுக்கே அருவருப்பாக இருந்தது.

தோகுஜி சித்தப்பாவின் வீடு மழைக்கு ஒழுகும், காற்றுக்கு முனகும். ஆனாலும் டோக்கியோவில், ரயில் நிலையத்துக்கு நடக்கிற தூரத்தில் இருக்கிற வீடு. தீப்பெட்டி மாதிரி ஒரு வாடகை அறையில் பதினாறு வருஷம் கழித்த மிசுஹோவுக்கு அதன் மேல் ஒரு வெறியே இருந்தது. யோஷினோரியோ ஒசாகாவில் இருந்துகொண்டு, "அப்பாவுக்குப் பிறகு ஊர் வெலைக்குத்தான் விப்பேன். சொந்தம்னு சும்மா தூக்கிக் குடுக்க முடியுமா?" என்று முகத்துக்கு நேரே சொல்லிவிட்டான்.

வீட்டுத் தரகர் இன்னும் மோசம். "உங்க காசுக்கு டோக்கியோவுல வீடா? தனியா செத்து, நாத்தமடிச்ச பெறகு கண்டுபுடிச்ச வீடு ஏதாச்சும் வந்தா சொல்றேன். யாரும் சீண்ட மாட்டாங்க, பாதி வெலைக்குக் கெடைக்கும்." சொல்லிவிட்டுச் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

அந்தச் சனிக்கிழமை, ஆகஸ்ட் வெயிலில், வேகவைத்த பூசணிக்காய் டப்பாவோடு போனாள். கதவின் தபால் துளையில் செய்தித்தாள்கள் பிதுங்கிக்கொண்டிருந்தன. வீடு வீடாகக் கைமாறிப் போக வேண்டிய தெருச் சுற்றறிக்கை, கைப்பிடியில் அப்படியே தொங்கியது. பார்த்ததுமே புரிந்துவிட்டது. மணியை அழுத்தப் போன விரல் பாதியில் நின்றது.

'போயிட்டாரு. போனவருக்கு இனிமே என்ன அவசரம்?'

திரும்பி நடந்தாள். வெளிக்கதவைத் தாண்டும்போது பின்னாலிருந்து 'டொக்' என்று ஒரு சத்தம். பக்கத்து வீட்டு ஜன்னலாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். பூசணிக்காயைத் தானும் புருஷன் ஷூஜியுமாகச் சாப்பிட்டுத் தீர்த்தார்கள்.

புதன்கிழமை, சுற்றறிக்கை இன்னும் வரவில்லையே என்று தேடி வந்த பக்கத்து வீட்டு ஒகுமுரா அம்மாதான் மூக்கைப் பொத்திக்கொண்டு போலீசைக் கூப்பிட்டாள்.

ஜாடியை வெள்ளைத் துணியில் கட்டிய பிறகு யோஷினோரி அழுதான். "இனிமே அந்த வீட்ட எவன் வாங்குவான்? பாதி வெலைக்கு நீயே எடுத்துக்க. கடைசி வரைக்கும் அவருக்குச் சோறு கொண்டுபோனவ நீ ஒருத்திதானே."

"அண்ணா..." என்றாள் மிசுஹோ. தலை குனிந்து வணங்கினாள்.

இலையுதிர்காலத்தில் குடிவந்தார்கள். தரை புதிது, சுவர் புதிது. கதவை மாற்றக் காசு மிஞ்சவில்லை. ஷூஜி சின்னப் பிள்ளை மாதிரி அறை அறையாக ஓடினான்.

"இங்க வா! கதவுக்கு உள்பக்கம், அடியில, என்ன இவ்வளவு குழி? தடியால இடிச்ச மாதிரி இருக்கு."

முழங்கால் உயரத்துக்கு மேலே ஒன்றுகூட இல்லை. எல்லாம் கீழேயே, ஒன்றன்மேல் ஒன்றாக.

"செருப்பு அலமாரிய முன்னாடி வெச்சிடலாம்" என்றாள்.

"லூசா நீ? அப்புறம் கதவ எப்படித் தெறக்கறது?"

அப்போது கதவில் டொக் என்று கேட்டது. மறுபடியும், டொக்.

"ஒகுமுரா வந்திருக்கேம்மா. சுத்தறிக்கை! உள்ள ஆளு இருக்கா?"

"தெறயேன்" என்றான் ஷூஜி.

மிசுஹோ கதவுக்கு ஓரடி தள்ளி நின்றுகொண்டிருந்தாள். வெளியே மறுபடி தட்டினார்கள்.