எட்டாவது கோல்

அல்பேர்ட்டுக்கு விசர் பிடித்துவிட்டது என்றுதான் 1985 மார்கழியில் எங்கள் அகதி விடுதி முழுவதும் கதைத்தது. ஜெர்மன்காரர் எறிந்த பத்திரிகைகளைப் பொறுக்கிவந்து, ஐஸ் ஹொக்கி முடிவுகளை மட்டும் ஒரு கொப்பியில் எழுதிக்கொண்டிருந்தான். எங்களுக்கு ஐஸ் என்றால் மீன்பெட்டிக்குள் போடுவது. அதன்மேல் மனிதர் விளையாடுவதை நாங்கள் இருவருமே கண்டதில்லை.

"ஆர் வெல்லுவினம் எண்டு சொல்லேலாது, அம்புறோஸ் அண்ணை. ஆனா ரெண்டு பக்கமும் சேர்த்து எத்தினை கோல் எண்டு சொல்லலாம்," என்றான்.

"ஓம், பிறகு மழையையும் சொல்லு," என்று நக்கலடித்தேன். மூன்று வெள்ளிக்கிழமை தொடர்ந்து அவன் சொன்ன எண்ணே வந்தது. அதோடு நக்கலடிப்பதை விட்டேன்.

நாலாவது வெள்ளி, விளையாட்டரங்குக்குப் பக்கத்து மதுக்கடைக்காரனிடம் எட்டுக் கோல் என்று பந்தயம் கட்டிவிட்டு வந்து நின்றான். சரிவந்தால் ஆறு மடங்கு. கட்டியது, கொழும்பில் கொட்டாஞ்சேனையில் ஒளிந்திருந்த மனைவி அன்ரனிற்றாவை ஜெர்மனிக்கு எடுப்பிக்கச் சேர்த்த காசு முழுவதும். ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சிக்காரன் விலையை ஏற்றியிருந்தான். தை மாதத்துக்குள் கட்டாவிட்டால் அவளுடைய இடம் வேறொருவருக்கு.

"உனக்கு மூளை கழண்டு போச்சோ?" என்று நடுவீதியில் கத்தினேன். கத்திக்கொண்டே அவனோடு அரங்குக்குள் போனேன்.

உள்ளே போனதும் கோபம் மறந்துபோனது. கோயில் பெருநாள் போல அத்தனை வெளிச்சம். மலைபோன்ற ஆட்கள் காலைத் தூக்காமலே பறந்தார்கள். பந்துக்குப் பதிலாக அவர்கள் அடித்த கறுப்பு வட்டு பலகையில் மோதும்போது என் நெஞ்சுக்குள் இடித்தது. கடவுளே, மனிதனால் இப்படியும் முடியுமா என்று வாயைப் பிளந்துகொண்டு நின்றேன்.

கடைசி நிமிடம். நாலுக்கு மூன்று. மொத்தம் ஏழு.

அப்போது தோற்றுக்கொண்டிருந்த பக்கத்துக் கோல் கீப்பர் கோலை விட்டு வெளியே வந்து, விறுவிறென்று போய்ச் சுவருக்கு அப்பால் இருந்துவிட்டான். சனம் எழுந்து நின்று கத்தியது. எனக்கு உடனே விளங்கியது. எங்கள் ஊர் உதைபந்தாட்டத்தில் நடுவரோடு கொழுவிக்கொண்டு ஒரு பக்கம் வெளியேறினால் ஆட்டம் அத்தோடு சரி.

"கோவிச்சுக்கொண்டு போறாங்கள். முடிஞ்சுதடா," என்றேன்.

அல்பேர்ட் பந்தயத் துண்டை நாலாகக் கிழித்துப் போட்டுவிட்டு முகத்தை மூடிக்கொண்டான்.

பக்கத்தில் நின்ற ஜெர்மன் அம்மா அதைக் கண்டு, இல்லை என்று தலையை ஆட்டினார். எனக்குத் தெரிந்த கொஞ்ச டொச்சு மொழிக்கு ஏற்ற மாதிரி மெதுவாகச் சொன்னார். தோற்கப் போகிறவர்கள் காவலை எடுத்துவிட்டு, அடிப்பதற்கு இன்னொருவனை அனுப்புவார்களாம். அவர் சொல்லி முடிக்கவில்லை, வென்றுகொண்டிருந்த பக்கத்தவன் ஒருவன் தன் கோலடியில் நின்றே வட்டைத் தட்டிவிட்டான். அது அந்த நீளம் முழுவதும் தனியே வழுக்கிப்போய் வெறும் கோலுக்குள் விழுந்தது.

எட்டு.

 அடுத்த கணம் முழங்காலில் நின்று, சிந்திய பியருக்குள்ளும் சப்பாத்துகளுக்கிடையிலும் துண்டுகளைத் தேடினேன். மூன்று கிடைத்தன. நாலாவதைத் தன் காலடியிலிருந்து அந்த அம்மா எடுத்துத் தந்தார். மதுக்கடைக்காரன் நாலையும் பொருத்திப் பார்த்தான், எங்களைப் பார்த்தான், காசை எண்ணித் தந்தான்.

வெளியே பனிக்குள் அல்பேர்ட் காசைப் பிடித்தபடி நின்றான். துள்ளவில்லை, சிரிக்கவுமில்லை.

"அண்ணை, கீப்பர் வெளியால போவான் எண்டு என்ரை கொப்பியில இல்லை. வந்தது வெறும் அதிட்டம்," என்றான். "அந்த வெறும் கோலுக்குள்ள நான் அன்ரனிற்றாவை எல்லோ நிப்பாட்டினனான்."