ஆபீசரின் கழுத்துக் கூம்பு

1

இந்தக் கதை ஒரு நாயின் அடிவயிற்றில் பிறந்தது, ஒப்புக்கொள்கிறேன். பின்னங்கால்களுக்கு நடுவே சிவந்து வழுக்கையாகக் கிடந்த தோலில் போன வாரம் பூனைமுடி போலப் புதுமுடி முளைத்திருந்தது. அக்கா நாயை மல்லாக்கப் போட்டு அதைக் காட்டிச் சிரித்தாள். நான் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அன்றே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

முதல் தொடக்கம்: "ஆபீசர் சொறியத் தொடங்கியது ஒரு மழைக்கால"

மழையெல்லாம் இல்லை. அடித்தாயிற்று.

இரண்டாவது: "நாய்களுக்கும் ஒவ்வாமை உண்டு என்பது பலருக்கு"

இது ஆஸ்பத்திரிச் சுவரில் ஒட்டுகிற அறிவிப்பு. அதுவும் போயிற்று.

2

அக்காவைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். புத்தகங்களுக்குப் பிழை திருத்துவது அவள் தொழில். நான் எழுதும் எதுவும் அவளுடைய சிவப்புப் பேனாவைத் தாண்டித்தான் அச்சுக்குப் போகும். அத்தான் பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். போகிறவர் வருகிறவரையெல்லாம் வாசலில் மறித்து விசாரணை நடத்துகிறது என்று நாய்க்கு ஆபீசர் எனப் பெயர் வைத்தவர் அவர்தான்.

போன வருடம் இரண்டு பேருக்கும் ஒரே மாதத்தில் உடம்புக்கு வந்தது. அத்தானுக்கு இரைப்பையில் புற்று. ஆபீசருக்குச் சொறி. காது, அக்குள், பாதம் எல்லாம் சிவந்து, நக்கி நக்கிப் புண்ணாகி, வீடு முழுக்க ஒரு புளித்த வாடை.* நக்காமலிருக்கக் கழுத்தில் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினார்கள். அது கதவு, நாற்காலி, அத்தானின் கட்டில் என்று எல்லாவற்றிலும் இடித்துக்கொண்டு திரிந்தது.

"சாப்பாட்டுல ஏதோ ஒத்துக்கல," என்றார் நாய் டாக்டர். "எட்டு வாரம் மீனும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் மட்டும்தான். வேற துணுக்கு உள்ள போனாலும் மறுபடி முதல்லேருந்து ஆரம்பிக்கணும்மா."

மூன்று தடவை முதலிலிருந்து ஆரம்பித்தார்கள். மூன்று தடவையும் சொறி குறையவில்லை.

"வீட்ல யாராவது வேற ஏதாவது குடுக்குறாங்களா?"

"யார் சார் குடுப்பா? நானும் அவரும்தான். அவர் தட்டுல ஒரு பருக்கை மிச்சம் வைக்கிறதில்ல."

நானும் கூடப் போயிருந்தேன். அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தேன்.

(*இந்த வாடையை அக்கா 'நாற்றம்' என்று மாற்றுவாள். மாற்றட்டும்.)

3

இங்கே ஒரு சந்தேகம். ஒரு ஒற்று விடுபட்டால் மோப்பம் பிடிக்கிறவள், கட்டிய கணவரின் தட்டைக் கவனிக்கவில்லை என்றால் நம்புவீர்களா? பாத்திரப் படைப்பில் ஓட்டை என்பீர்கள்.

ஆனால் அத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்: "நீ பாத்துட்டே இருந்தா எனக்கு இறங்க மாட்டேங்குது." அதனால் அவள் முட்டையை மசித்துத் தட்டில் வைத்துவிட்டு அடுப்படியில் காத்திருப்பாள். தட்டு காலியாகத் திரும்பும். புற்றுநோய் டாக்டரிடமும் "நல்லா சாப்பிடறார்" என்றே சொன்னாள். அப்படியும் இளைக்கிறாரென்றால் நோய்தான் முற்றுகிறது என்று அந்த டாக்டர் முடிவு செய்தார்.

4

ஒரு மத்தியானம் சொல்லாமல் போனேன். அக்கா அடுப்படியில் இருந்தாள். நான் நேராக அத்தானின் அறைக்குப் போனேன். அவருடைய கை கூம்புக்குள் மணிக்கட்டு வரை போயிருந்தது. உள்ளங்கையில் மசித்த முட்டை. ஆபீசர் சத்தம் போட்டுத் தின்றுகொண்டிருந்தது.

"கதவ சாத்து மாப்ள."

"என்ன அத்தான் இது?"

"ரெண்டு வாய் உள்ள போனா நாலு வாய் வெளிய வருது. குப்பைல போட்டா அவ கண்டுபிடிச்சுடுவா. மருந்து மாத்தினா பசி வந்துடும். அதுவரைக்கும் வாயத் தொறக்காத."

"இது ஒடம்பெல்லாம் புண்ணாகுதே."

"அவனுக்குச் சொறிதான வருது."

அக்காவின் காலடி கேட்டது. கூம்பின் உள்விளிம்பில் கொஞ்சம் மஞ்சள்கரு ஒட்டியிருந்தது. விரலால் வழித்தேன். துடைக்க இடமில்லாமல் என் வாயில் வைத்துக்கொண்டேன்.

அவள் காலித் தட்டைப் பார்த்தாள். "பரவால்லயே," என்றாள்.

முட்டை இன்னும் என் நாக்கில் இருந்தது. நான் பேசவில்லை. அதற்குப் பிறகு அவர் போகும்வரை ஏழு வாரமும் பேசவில்லை. பேசியிருந்தால் குழாய் வைத்து ஆகாரம் கொடுத்திருப்பார்கள். எத்தனை நாள் கூட இருந்திருப்பார் என்று எனக்குத் தெரியாது. எலும்பும் தோலுமாகத்தான் அவரைத் தூக்கினோம்.

5

அத்தான் போய் மூன்று மாதம் ஆகிறது. அக்கா பிடிவாதமாக மீனும் கிழங்குமே போடுகிறாள். இப்போது கூம்பு பரண்மேல் கிடக்கிறது.

"இத்தன நாள் கேக்காதது இப்ப மட்டும் எப்படிடா கேட்டுது?" என்றாள் போன வாரம், நாயின் வயிற்றைத் தடவிக்கொண்டே. "வியாழக்கிழம டாக்டர்கிட்ட கேக்கணும்."

டாக்டர் ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடுவார். அதற்கு முன் நான் சொல்லியாக வேண்டும். இரண்டு நாள் போனேன், டீ குடித்தேன், திரும்பி வந்தேன். நேரில் சொல்லத் துப்பில்லாதவன் கதை எழுதுகிறான்.

முடிவுகளும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில், வியாழக்கிழமை டாக்டர் லீவு. மட்டமான முடிவு. இன்னொன்றில், அக்காவுக்கு எல்லாம் முன்பே தெரிந்திருக்கிறது, இருவரும் கட்டிக்கொண்டு அழுகிறோம். எனக்கு மிகவும் பிடித்தது அதுதான், அதனாலேயே நம்ப முடியவில்லை. மூன்றாவதில், அவள் படித்து முடித்துப் பேனாவை மூடிவிட்டு என்னைப் பார்த்து

இதற்கு மேல் கை ஓடவில்லை.

6

புதன்கிழமை இந்தப் பக்கங்கள் திருத்தத்துக்காக அக்காவிடம் போகின்றன. நான்காம் பகுதியின் ஓரத்தில் பென்சிலால் எழுதியிருக்கிறேன்: "வேண்டாம் என்றால் இதை அடித்துவிடு. மற்றப் பகுதிகளின் எண்களை மட்டும் மாற்றாதே." அவள் கைக்குப் போனபின் நான் ஒரு எழுத்தையும் தொட மாட்டேன்.

அவள் என்னிடம் என்ன பேசினாள், பேசினாளா என்பதையும் எழுதப் போவதில்லை. மூன்றுக்கு அடுத்து நான்கு வந்ததா என்று நீங்களே திரும்பிப் பார்த்துக்கொள்ளுங்கள்.