ஷெல்பிக்கு வெந்நீர்

ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல் மட்டும் ஷெல்பியை வெளியே அழைத்துப்போகலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். வண்டி விபத்தில் இடுப்பெலும்பு முறிந்து ஆறு வாரமாக பில்லிங்ஸ் நகர ஆஸ்பத்திரியில் கிடந்தவள். எங்கே போகணும், என்ன சாப்பிடணும் என்று அவள் அம்மா லவோன் கேட்டாள். ஷெல்பி சொன்னது ஒன்றுதான்.

"நர்ஸு பக்கத்துல நிக்காம, நல்ல சுடுதண்ணில தலைக்கு ஊத்திக்கணும்மா."

அவர்கள் ஊரிலிருந்து தினமும் வந்து போவதென்றால் இரண்டரை மணி நேரப் பயணம். அதனால் ஷெல்பியின் புருஷன் ட்ரென்ட் வண்டியின் பின்னால் இழுத்துப்போகும் ஒரு பழைய ட்ரெய்லர் வீட்டை வாங்கி, ஆற்றோரத்து முகாமில் கொண்டுவந்து நிறுத்தியிருந்தான். அதன் ஒரு கோடியில் மாப்பிள்ளை, மறுகோடியில் மாமியார். நடுவில் அடுப்பும் ஒரு மேசையும். அக்டோபர் பிறந்ததும், குளிரில் குழாய் உறைந்துவிடும் என்று முகாமின் பொதுக் குளியலறையைப் பூட்டிவிட்டார்கள். ட்ரெய்லரின் வாட்டர் ஹீட்டரோ வந்த நாளிலிருந்தே வேலை செய்யவில்லை. இருவரும் ஈரத்துணியால் உடம்பைத் துடைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடிக்கொண்டிருந்தார்கள். ஹீட்டரைப் பழுதுபார்க்க இருவருக்கும் தெம்பில்லை.

சனிக்கிழமை பகலில் ட்ரென்ட் ஹீட்டரின் வெளிப்பக்கத்து மூடியைக் கழற்றி, ஈரப்புல்லில் முழங்கால் போட்டு உட்கார்ந்தான். உள்ளே லவோன் பொத்தானை அழுத்தினாள். டிக் டிக் டிக் என்று பொறி தெறித்தது, நெருப்பு பற்றவில்லை.

"கேஸ் இருக்கா பாத்தீங்களா மாப்ள?"

"அடுப்பு எரியுதே அத்தை. கேஸ் இல்லாமயா எரியுது?"

பர்னர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தான். காற்றே போகவில்லை. பாட்டில் கழுவும் பிரஷ்ஷை விட்டுக் குடைந்ததும், வெள்ளைப் பஞ்சு போல ஒரு சிலந்திக்கூடு வந்து விழுந்தது. திரும்ப மாட்டி அழுத்தியதும் குப்பென்று நீலமாகப் பற்றியது. லவோன் அன்றைக்கு முதல்முறையாகச் சிரித்தாள்.

அரைமணி கழித்துக் குழாயைத் திறந்தார்கள். தண்ணீர் குழந்தைக்குப் பால் ஆற்றிய பதத்தில் வந்தது. அதற்கு மேல் சூடாகவே இல்லை.

ட்ரென்ட் கட்டிலைத் தூக்கி அடியில் புகுந்தான். குளிர்காலத்தில் தண்ணீர் ஹீட்டருக்குள் போகாமல் சுற்றிப் போவதற்கென்று அங்கே ஒரு வால்வு இருக்கும். அது சரியாகத்தான் திருப்பியிருந்தது. கடைக்குப் போய்ப் சூட்டின் அளவைப் பார்த்துக்கொள்ளும் தெர்மோஸ்டாட் புதிதாக வாங்கி மாட்டினான். அப்போதும் அதே வெதுவெதுப்பு. ஷெல்பி அடிபட்ட அதே விபத்தில் பிசகிய அவன் மணிக்கட்டு வீங்கிவிட்டது. பொழுது சாயும் நேரம், மேசைமேல் இருந்த சூப்பும் ஆறிப்போயிருந்தது.

"அவ கேட்டது ஒரே ஒரு விஷயம்" என்றாள் லவோன்.

"தெரியும் அத்தை."

"என்ன தெரியும்? மான் குறுக்க வந்தா ஸ்டியரிங்க ஒடிக்கக் கூடாதுன்னு நம்ம ஊர்ல பதினாறு வயசுப் புள்ளைக்குக்கூடத் தெரியும்."

ஆறு வாரமாக அவள் தொண்டையிலேயே வைத்திருந்தது அது.

ட்ரென்ட் கரண்டியைக் கீழே வைத்தான். "லாரி ஓட்டறதுதான் என் பொழப்பு. எனக்குத் தெரியாதா? பாத்துட்டே இருந்தேன், கை தானாத் திரும்பிடுச்சு. நீங்க ஒரு தடவ சொல்லிட்டீங்க. நான் தெனமும் சொல்லிக்கறேன்."

லவோன் எழுந்தாள். அவன் கிண்ணத்தையும் எடுத்துக்கொண்டு போய்க் கழுவினாள். இருவரும் களைப்பில் அடித்துப்போட்டாற்போல் தூங்கிப்போனார்கள்.

காலையில் காப்பிக்குத் தண்ணீர் பிடித்தவள், கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.

"மாப்ள, இங்க வாங்க. இது பச்சத்தண்ணிக் குழாய்தானே? இதுலயும் வெதுவெதுன்னு வருதே!"

ட்ரென்ட் விரலை நீட்டிப் பார்த்தான். சூடும் பச்சையும் எங்கேயோ ஒன்றாகக் கலக்கின்றன என்று அப்போதுதான் புரிந்தது. ஹீட்டரில் இப்போது கோளாறே இல்லை. சட்டை போடாமலே வெளியே ஓடினான். பின்பக்கச் சுவரில், சேற்றுக்கால் கழுவுவதற்கென்று ஒரு சின்ன ஷவர், கதவு போட்ட பெட்டிக்குள் இருந்தது. அதை அவர்கள் திறந்ததே இல்லை. ஷவரின் வாய் மட்டும் அடைத்திருந்தது. உள்ளே சூட்டுக்கும் பச்சைக்குமான இரண்டு திருகுகளும் முழுக்கத் திறந்திருந்தன. அந்த வழியாகப் பச்சைத்தண்ணீர் சூட்டுக் குழாயில் புகுந்து சூட்டை எல்லாம் கெடுத்துக்கொண்டிருந்தது. இரண்டையும் இறுக மூடினான்.

"கை வெந்துடுச்சு!" என்று உள்ளிருந்து லவோன் கத்தினாள். "வெந்துடுச்சுங்கறேன் மாப்ள!"

"மொதல்ல சட்டயப் போடறேன், இருங்க" என்றான்.

பதினோரு மணிக்கு ஷெல்பியைக் கொண்டுவந்தார்கள். மூன்று படிகளிலும் ட்ரென்ட் அவளைத் தூக்கிக்கொண்டு ஏறினான். ட்ரெய்லரின் குளியலறைக்குள் ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல். கதவைத் திறந்து வைத்து அம்மா மட்டும் வாசலில் முதுகைக் காட்டி நின்றாள். நீராவி வந்து அவள் கழுத்தில் பட்டது. உள்ளே ஷெல்பியின் மூச்சு நீளமாக வந்தது.

ஷாம்பு நுரை தலை நிறைய இருந்தபோது தண்ணீர் ஜில்லென்று ஆகிவிட்டது.

"அம்மா!"

ஹீட்டரின் தொட்டி அவ்வளவு சின்னது. மறுபடி சூடேற அரைமணி ஆகும். லவோன் நுரையோடு தலையில் துண்டைச் சுற்றி, ட்ரென்டின் கம்பளிச் சட்டையைப் போர்த்தி, மகளைக் கட்டிலில் உட்கார வைத்தாள்.

"இதுக்குத்தான் ரெண்டு பேரும் நேத்து முழுக்க மல்லுக்கட்டினீங்களா?" என்றாள் ஷெல்பி.

"உன் அம்மாதான் கண்டுபுடிச்சாங்க" என்றான் ட்ரென்ட்.

லவோன் மூன்று கோப்பையில் காப்பி ஊற்றினாள். மாப்பிள்ளை கோப்பையை வீங்காத கையால் வாங்கினான். அந்த மற்றக் கையை அவள் இழுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டு, ஒரு ஈரத்துணியைச் சுற்றத் தொடங்கினாள். இறுக்கமாகச் சுற்றினாள், அவன் முகம் சுளித்தும் விடவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ஹீட்டரின் நெருப்பு உறுமுவது கேட்டது. ஷெல்பி உட்கார்ந்தபடியே கண் அயர்ந்தாள். துண்டின் ஓரத்திலிருந்து நுரை மெல்ல அவள் காதோரம் இறங்கியது. யாரும் எழுப்பவில்லை.