அப்பா சொல்லிவைத்த டாக்டர்

...அத்தை தாழ்ப்பாள் போடுகிறாள் என்றால் இது முழங்கால் வலியாக இருக்க முடியாது. முழங்காலை இந்த வீட்டில் யாரும் கதவைச் சாத்திக்கொண்டு காட்டவில்லை, மூன்று நாள் முன்னால் அப்பாவின் ஊருக்கு அவள் வந்து இறங்கிய அன்றே சித்தப்பா கூடத்தின் நடுவில் நாற்காலியைப் போட்டுக் காலை நீட்டிவிட்டார், அவருக்குப் பின்னால் ஒரு வரிசை, ஒருத்திக்குத் தலைசுற்றல், ஒருவருக்கு ஓயாத ஏப்பம், சித்தப்பாவின் மச்சினர் போன வருடத்து எக்ஸ்ரே படத்தை உறையோடு தூக்கிக்கொண்டு வந்து நின்றார், அதை அவள் ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தபோது கூடமே மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது, கொஞ்சம் தேய்மானம் இருக்கு என்றாள், ஆஸ்பத்திரி நடைவழியில் எப்போதோ காதில் விழுந்த சொல், பாத்தியா, நான் சொல்லல என்று அவர் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டிக்கொண்டார், தேய்மானத்தில்கூட மனிதருக்கு ஒரு பெருமை. அப்போதே சொல்லியிருக்கலாம். சிரித்துக்கொண்டே சொல்லியிருக்கலாம், ஐயோ நான் டாக்டர் இல்லை, ஆஸ்பத்திரியில் வேலை பார்க்கிறேன், அவ்வளவுதான் என்று... ஏன் சொல்லவில்லை? இப்போது மாடி அறையில், மத்தியானச் சாப்பாடு முடிந்து கீழே எல்லோரும் ஆளுக்கொரு பக்கம் சாய்ந்திருக்கும் நேரத்தில், அத்தை, அப்பாவின் ஒரே தங்கை, தாழ்ப்பாளை ஒரு முறை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்புகிறாள். "ஜன்னலையும் சாத்திடவாம்மா?" வேண்டாம் அத்தை, வெளிச்சம் இருக்கட்டும் என்கிறாள் அவள். டாக்டர் பேச்சு எவ்வளவு இயல்பாக வருகிறது, பார்.

அத்தை கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து ரவிக்கையின் கொக்கிகளை மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுகிறாள், அவசரமில்லாமல், பயமில்லாமல், அதுதான் தாங்க முடியவில்லை, கொஞ்சம் கூச்சப்பட்டால்கூடப் பேச்சை மாற்றிவிடலாம். என்ன சொல்லிவைத்தீர்கள் அப்பா இவர்களிடம்? ஞாயிற்றுக்கிழமை ஆனால் போனைத் தூக்கிக்கொண்டு பால்கனிக்குப் போய்விடுவார், கண்ணாடிக் கதவைச் சாத்திக்கொண்டு மணிக்கணக்காகப் பேசுவார், ஊர்க்கதை என்று நினைத்திருந்தாள், அவளோடு வந்து இருந்த பதினொரு வருடமும் அங்கே நின்று மகளை டாக்டராக்கிக்கொண்டிருந்திருக்கிறார். அவள் வேலை செய்வது ஆஸ்பத்திரியின் அடித்தளத்தில், ஜன்னல் இல்லாத அறை, அறுவை முடிந்த கத்தியும் கத்தரியும் இடுக்கியும் ரத்தத்தோடு லிஃப்டில் கீழே வரும், கழுவி, ஒவ்வொரு கத்தரியின் மூட்டையும் திறந்து பிரஷ்ஷால் தேய்த்து, விளக்கில் பிடித்துப் பார்த்து, பட்டியல்படி தட்டில் அடுக்கி, நீலத் துணியில் இரண்டு சுற்றுச் சுற்றி, ஒட்டு நாடா போட்டு நீராவிக்குள் தள்ளுவாள், நாடாவின் கோடுகள் கறுத்து வந்தால் சரி, இல்லையென்றால் மறுபடி முதலிலிருந்து. பத்தொன்பது வருடம். ஒரு தட்டுகூட இவள் கையிலிருந்து திரும்பி வந்ததில்லை என்று மேலதிகாரி எல்லோர் முன்னாலும் சொன்ன அன்று வீட்டுக்கு ஓடிவந்து சொன்னாள், அப்பா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் நல்லது என்றார். நல்லது... அவ்வளவுதானா அப்பா? அவர் போய் ஒரு வருடம் ஆகிறது. செத்துப்போன மனிதரை அவர் பிறந்த வீட்டிலேயே வைத்துப் பொய்யராக்க வாய் வரவில்லை, அதனால்தான் சும்மா இருந்தேன் என்று மூன்று நாளாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டிருக்கிறாள். முழு உண்மை அதுவும் இல்லை. பிடித்திருந்தது. அவள் கூடத்துக்குள் வந்தால் பெரியவர்கள்கூட எழுந்து இடம் விட்டது பிடித்திருந்தது, பத்தொன்பது வருடமாக யாரும் அவளுக்காக எழுந்ததில்லை.

"இங்கதாம்மா... தெரியுதா?" அத்தை அவள் கையைப் பிடித்துத் தானே கொண்டுபோய் வைக்கிறாள், இடது மார்பின் ஓரத்தில், அக்குளுக்குக் கீழே. கெட்டியாக இருக்கிறது. தள்ளிப் பார்த்தால் நகரவில்லை. மேலே தோல் உள்வாங்கியிருக்கிறது, துணியில் ஒரு நூலைப் பிடித்து இழுத்துவிட்டதுபோல. இதற்கு டாக்டராக இருக்க வேண்டியதில்லை, லிஃப்டுக்குப் பக்கத்துச் சுவரில் இதேபோல ஒரு படம் ஒட்டியிருக்கிறது, லிஃப்ட் வரும்வரை தினமும் அதைத்தான் படிப்பாள், கடைசி வரி காத்திருக்காதீர்கள் என்று பெரிய எழுத்தில்... இதற்கான தட்டு எது என்றுகூட அவளுக்குத் தெரியும், மூன்றாவது அலமாரி, நாற்பத்திரண்டு உருப்படி, கண்ணை மூடிக்கொண்டு அடுக்குவாள். அந்தத் தட்டு போய்ச் சேரும் இடத்தில் ஒரு உடம்பு படுத்திருக்கும் என்று ஏன் ஒரு நாளும் நினைத்ததில்லை? எத்தனை நாளா இருக்கு அத்தை என்று கேட்கிறாள். "எட்டு மாசம் இருக்கும். வலி கிலி ஒண்ணும் இல்ல." யாரிடம் காட்டினீர்கள்? "யாருகிட்டன்னு போய் காட்றது? முன்னப் பின்னத் தெரியாதவங்ககிட்ட இதத் தொறந்துக்கிட்டா நிக்க முடியும்? மருமககிட்டகூட மூச்சு விடல. அண்ணன் எப்பவும் சொல்லும், நமக்கு என்ன கவலை, வீட்லயே டாக்டர் இருக்கான்னு. நீ டிக்கெட் போட்டுட்டேன்னு சொன்ன பாரு, அன்னிக்குத்தான் நிம்மதியா தூங்கினேன்."

டிக்கெட். அதை இரண்டு முறை தள்ளிப்போட்டவள் அவள்தான். லீவு கிடைக்கவில்லை என்று சித்தப்பாவிடம் சொன்னாள், லீவெல்லாம் கிடைத்திருக்கும், அப்பா இல்லாமல் இந்த வாசலில் வந்து நிற்கப் பயம், அவ்வளவுதான், அவள் அங்கே பயந்துகொண்டிருந்த மாதங்களில் இது இங்கே கெட்டியாகிக்கொண்டிருந்திருக்கிறது. சொல்லிவிடு. இப்போதே சொல்லிவிடு. நான் டாக்டர் இல்லை அத்தை, கத்தரி கழுவுகிறவள்... சொன்னால்? அத்தை ரவிக்கையை இழுத்து மூடிக்கொள்வாள், யாரோ ஒருத்திக்குக் காட்டிவிட்டோமே என்று உடம்பு கூசும், அப்புறம் எந்த டாக்டருக்கும் காட்டமாட்டாள், செத்தாலும் காட்டமாட்டாள், அந்தப் பிடிவாதம் அப்பாவிடம் பார்த்தது. சொல்லாவிட்டால் போவாள், டாக்டர் சொல்லி அனுப்பினால் போவாள், ஆனால் அங்கே உண்மையான டாக்டர் இவளைப் பார்த்து இரண்டு கேள்வி கேட்டால் போதும், குட்டு உடைந்துவிடும், அத்தையின் கண் முன்னாலேயே உடையும். உடையட்டும். அதற்குள் அத்தை அந்த அறைக்குள் போயிருப்பாள்.

நாளைக்குக் காலையில ஆஸ்பத்திரிக்குப் போறோம், நானும் வரேன் என்கிறாள், குரல் அவளுடையதே இல்லை, தட்டு வரத் தாமதமானால் மேலேயிருந்து போன் போட்டு அதட்டும் அறுவை டாக்டரின் குரல், வருடக்கணக்காகத் திட்டு வாங்கி மனப்பாடம் ஆன குரல். "நீ பாத்தது போதாதாம்மா?" பாத்ததனாலதான் சொல்றேன் அத்தை, தள்ளிப்போட வேண்டாம். சரி என்று அத்தை உடனே தலையாட்டுகிறாள், அப்பாவையே ஆட்டிவைத்த தங்கை என்று பெயர் வாங்கியவள், கொக்கிகளைக் கீழிருந்து மாட்டிக்கொண்டே வருகிறாள், கடைசிக் கொக்கியில் விரல் நிற்கிறது. நிமிர்ந்து பார்க்காமல் கேட்கிறாள்.

"உனக்காகக் காத்துட்டு இருந்தேனே, எட்டு மாசம்... அது ஒண்ணும் தப்பா போயிடலையே?"

"இல்ல அத்தை. தப்பே இல்ல."

யோசிக்கவே இல்லை, அதுபாட்டுக்கு வந்துவிட்டது. மூன்று நாளாக இந்த வீட்டில் நடந்ததெல்லாம் அப்பா சொல்லிவைத்தது, அவள் மறுக்காமல் இருந்தாள், அவ்வளவுதான். இந்தப் பொய்யை அப்பா சொல்லவில்லை. அத்தை இன்று ராத்திரியாவது நிம்மதியாகத் தூங்கட்டும் என்றுதான் சொன்னாளா, அல்லது தப்புதான் என்று சொன்னால் யாருடைய தப்பு என்று அத்தை கேட்டுவிடுவாளே என்றா... அத்தை முந்தானையைச் சரிசெய்துகொண்டு எழுந்து, தாழ்ப்பாளை விலக்கி, படிக்கட்டின் மேலே நின்று டாக்டருக்கு ஒரு டீ போடுங்க என்று கீழே குரல் கொடுக்கிறாள், குரலில் அப்படி ஒரு தெம்பு. அவள் கட்டிலில் அப்படியே உட்கார்ந்திருக்கிறாள், அந்தக் கெட்டி இன்னும் விரல் நுனியில் இருக்கிறது.